பலகைக்குக் கீழே

பன்னிரண்டு வீட்டுக்குப் பன்னிரண்டு கேமரா.
அட்டை உடம்பு, பிளாஸ்டிக் கண்,
ஆளுக்கு இருபத்தேழு படம்.
அதற்கு மேல் கெஞ்சினாலும் சக்கரம் சுழலாது.
சாங்கியிலிருந்து உபின் தீவு வரை
படகில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்,
உப்புத் தெறிக்காமல் என் மழைச்சட்டையில் சுற்றி.

"என்ன எடுக்கணும்?" என்றார் பாக் ஜுனைதி.
உங்களுக்கு வேண்டியதை, என்றேன்.
"எனக்கு வேண்டியது அக்கரையில் இருக்கிறது.
மகன் வீடு. ஈசூன், பதினோராவது மாடி."
சொல்லிவிட்டுக் கோழிகளைப் பார்க்கப் போனார்.

பதிமூன்றாவது ஒன்று மிஞ்சியது,
கடைக்காரர் இனாமாகப் போட்டது.
துறைக்குத் தூண் மாற்ற வந்த செங்கோடன்
சேற்றுக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு நீட்டினார்.
ராசிபுரம். மூன்று மாத வேலை. பிறகு துவாஸோ எங்கோ.
"அக்கா, ஒண்ணு கூடுதலா இருக்குதே."
தீவுவாசிகளுக்கு மட்டும் என்று தாளில் இருந்தது.
தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

நாலு வாரத்தில் சுருள்கள் திரும்பின.
அலுவலகம் கேட்டது அந்திச் சூரியன், டுரியான்,
பல் தெரியச் சிரிக்கும் முகங்கள்.
வந்தது வேறு.
கோ பீ லியன் தன் ஜெனரேட்டரை ஒன்பது முறை எடுத்திருந்தார்,
இரவு ஏழுக்கு ஏழு.
ஒவ்வொரு நாளும் வேறு இருமல் என்று குறிப்பு.
மிதவைப் பண்ணை ரஃபிகுல்
செத்த மீன்களைத் தேதிவாரியாக வைத்திருந்தார்.
கடைசிப் படத்தில் மட்டும் உயிருள்ள ஒரு கொடுவா,
கலங்கலாக. பிளாஷுக்குத் துள்ளியதாம்.

கறுப்பு நாய் ஒன்று எட்டுச் சுருளில் இருந்தது.
ஹித்தாம் என்று ஒருவர், காலு என்று ஒருவர்.
எந்த மொழியில் அழைத்தாலும் கறுப்புதான்.
எட்டுப் பேரும் எழுதியிருந்தார்கள்: எங்களுடையது அல்ல.
எட்டுப் படத்திலும் அது தின்றுகொண்டிருந்தது.

செங்கோடன் சுருளைப் பழுது என்று ஒதுக்கினேன்.
முழுக்க இருட்டு, நடுவில் வெள்ளைக் கோடுகள்.
கழுவித் தந்த பையன்தான் சொன்னான்,
"இது கீழேயிருந்து எடுத்தது."

நீர் வற்றிய நேரம், இடுப்பளவு சேற்றில்,
சிப்பி அப்பிய தூண்களுக்கு நடுவே
அண்ணாந்து நின்றிருக்கிறார்.
பலகைக்கும் பலகைக்கும் இடையே விரற்கடை வானம்.
அதில் ஊர் நடந்து போகிறது,
உள்ளங்கால் உள்ளங்காலாக.

குறிப்புத் தாளில் கோணல் எழுத்து:
"எட்டு மணி. டீசல் ஆன்ட்டி. இடது கால் இழுக்கும்.
இன்னிக்கு வேகமா போறாங்க, ஏன்னு தெரியல."
"கோழிக்காரர். அக்கரையப் பாத்து நின்னு நின்னு போவார்.
நிக்கிற எடத்துல பலகை தேஞ்சிருக்கு. மாத்தணும்."
"நாய். தலைக்கு மேல நின்னு மோந்து பாத்துச்சு.
என்கிட்ட ஒண்ணும் இல்ல."

முதல் படம் மட்டும் யாருடையது என்று தெரியவில்லை.
ஒரு ஜோடிச் செருப்பு. அறுந்த வாரை
நீலக் கம்பியால் கட்டியிருந்தது.
பிறகு என் காலைப் பார்த்தேன்.
"அக்கா திரும்பிப் போறாங்க. பொட்டி காலி.
ஆனாலும் கனமாத்தான் நடக்குறாங்க."

படிவத்தில் ஒரு கட்டம்: எத்தனை ஆண்டு வசித்தவர்?
மூன்று மாதம், பலகைக்குக் கீழே, என்று நிரப்பினேன்.
அவர் படங்களைக் கூரையில் மாட்டக் கேட்டேன்.
தீயணைப்பு விதி, என்றார்கள்.
தெம்பனிஸ் நூலகத்தில்
கழிவறைக்குத் திரும்பும் சுவர் கிடைத்தது.
செங்கோடன் எண்ணுக்கு அடித்தேன்.
வேறு யாரோ எடுத்து, வேறு மொழியில் வைத்துவிட்டார்.

திறப்பு நாளுக்குப் பாக் ஜுனைதி வந்தார், மகனோடு.
கோழிகளைத் தாண்டி, ஜெனரேட்டரைத் தாண்டி,
அந்த இருட்டுப் படத்தின் முன் நின்றார்.
குறிப்பைப் படித்துக் காட்டச் சொன்னார்.
மலாயில் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு தரையைப் பார்த்தார்.
ஒரு காலைத் தூக்கி,
மெல்ல வைத்தார்.